தளம் போட்ட பிறகு வருகிறவள்

"சொல்லிவிட்டேன்" என்ற ஒரு சொல்லோடு ஒருவருடைய பொறுப்பு முடிந்துவிடுகிறதா? புத்தகங்களில் இந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. பெரும்பாலும் எல்லாமே கேட்க நன்றாக இருப்பவை. தண்ணிக்காரி அவற்றில் ஒன்றையும் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு மழைக்காலத்தில், தையல்காரர் வீட்டுக் கூடத்தில், வீங்கி மேலெழுந்த கான்கிரீட் தளத்தின்மேல் நின்றபோது, அந்தக் கேள்விக்கு அவள் அங்கேயே, நாலு பேர் முன்னால், வாய் திறந்து ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

தண்ணிக்காரி என்பது வேலை இடத்தில் விழுந்த பெயர். புதிதாகக் கேட்பவர்கள் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டு வாய்க்குள் சிரிப்பார்கள். அவள் குடிப்பது தேநீர் மட்டும்தான், அதிலும் சர்க்கரை குறைவாக. போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது அவள் வேலை. சித்தாளாகக் கலவைச் சட்டி சுமந்துதான் தொடங்கினாள். கழுத்து எலும்பு தேய்ந்து தலையில் எதையும் வைக்கக் கூடாது என்று ஆன பிறகு, ஒரு மேஸ்திரி இரக்கப்பட்டு ரப்பர் குழாயை அவள் கையில் கொடுத்து, சும்மா நின்று தண்ணீர் விடச் சொன்னார். வேறு எதற்கும் ஆகாதவர்களுக்குக் கொடுக்கிற வேலை அது. அவளிடம் போன பிறகு அந்த வேலையின் மதிப்பு கொஞ்சம் மாறியது.

அந்தப் பக்கத்து வெயிலில் கான்கிரீட் போடுவதே ஒரு ஓட்டப்பந்தயம். சூரியன் ஏறிவிட்டால் கலவை கொத்தனாரின் கரணைக்கு வசப்படாது. மேல்தோல் முன்னால் காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, தளம் முழுக்க முடி வெடிப்பு ஓடிவிடும். அதனால் வெளுக்கும்போதே வேலை தொடங்கும். தண்ணீர்ப் பீப்பாயை வெயிலில் விட்டால் சுடுதண்ணீர்தான் கலவைக்குப் போகும் என்று அவள் பீப்பாய்க்கும் ஈரச் சாக்குப் போர்த்துவாள், ஜல்லிக் குவியலுக்கும் தெளிப்பாள். தளம் விரல் பதியாத அளவுக்கு இறுகியதும் ஈரச் சாக்கை விரிப்பாள். மறுநாள் ஓரம் முழுக்கப் பாத்தி கட்டித் தண்ணீரை நிறுத்துவாள். பிறகு யாரையும் அதன்மேல் நடக்க விடமாட்டாள். ஒரு வீட்டுக்காரர் செருப்புக் காலோடு உள்ளே வர, இவள் குழாயைக் குறுக்கே நீட்டினாள். இது தன் வீடு என்று அவர் நினைவூட்டினார். "உங்க வீடுதான். இன்னும் தரையாகல" என்றாள்.

வெயில் பாதித் தொல்லை என்றால் மண் மீதித் தொல்லை. கறுப்புக் களிமண். மழையில் ஊறி வீங்கும்; நடந்தால் செருப்பு ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம் கனக்கும். கோடையில் அதே மண் சுருங்கிப் பிளந்து கிடக்கும், பிளவுக்குள் முழங்கை வரை கை போகும். ஒரு தச்சர் தன் பென்சிலை அதில் தவற விட்டு, குனிந்து பார்த்து, "மழைக்கு அப்புறம் மொளைக்கும், வந்து பறிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த மண்ணால் கட்டட வேலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வசதியும் இருந்தது. சுவர் விரிந்தாலும் கதவு மூடாவிட்டாலும் "மண்ணு அப்படி" என்று சொல்லிவிடலாம். மண் எதிர்த்துப் பேசாது. வீட்டுக்காரரும் மண்ணை முறைத்துவிட்டு அடங்கிவிடுவார்.

அவள் கணவர் தண்ணீர் லாரி ஓட்டுபவர். "நான் கொண்டாந்து கொட்டறேன், இவ வாங்கி ஊத்தறா. எங்க குடும்பமே தண்ணிலதான் ஓடுது" என்பது அவர் ஓயாமல் சொல்லும் நகைச்சுவை. கேட்பவர்கள் சிரிக்காவிட்டாலும் அவர் சிரித்துக்கொள்வார். அவருடைய தம்பி தளம் போடும் கொத்தனார். அண்ணன் குடும்பத்துக்கு ஒரு அறை, தம்பி குடும்பத்துக்கு ஒரு அறை, நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. கொழுந்தன் கை சுத்தமான கை. அவன் மட்டம் அடித்த தளத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் அது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடும். வருடக்கணக்கில் மற்ற மேஸ்திரிகளிடம் கூலிக்குப் போனவன், ஒரு கோடையில் தன் பெயரில் முதல் வேலையைப் பிடித்தான். தையல்காரர் ஒருவருடைய வீட்டுத் தரைத்தளம். சுவர்கள் வேறு ஒருவர் எழுப்பி முடித்திருந்தார். அவற்றின் அஸ்திவாரம் ஆழமாகப் போயிருந்தது. உள்ளே தரை மட்டும் பாக்கி. இது நின்றால் இனி அவன் மேஸ்திரி. கெட்டால் மறுபடி கூலிக் கரணை. அதுவும் எல்லோருடைய கேலிக்கும் நடுவில்.

வேலை உறுதியான அன்று சாயங்காலம் அவன் சமையலறை வாசலில் நின்று கழுத்தைச் சொறிந்தான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மொதல்ல சொல்லு. கோவத்த அப்புறம் பாத்துக்கலாம்."

"நீங்க மொத நாளே வந்து நின்னா ஆளுங்க என் மொகத்தப் பாக்க மாட்டாங்க. எதுக்கெடுத்தாலும் உங்க மொகத்தத்தான் பாப்பாங்க. தளம் போட்டு முடிஞ்சதும் வாங்களேன். தண்ணிக்கு நீங்கதான், அதுல மாத்தமில்ல."

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி. தரைக்குத் தோண்டற குழிய மட்டும் நல்லா ஊற விடு. வெடிப்பு அடி வரைக்கும் தானா மூடணும். அதுக்கு முன்னால எதையும் போட்டுடாத."

"தெரியும் அண்ணி."

உள்ளேயிருந்து கணவர், மேஸ்திரிக்கே பாடம் நடத்துகிற வீடு இது ஒன்றுதான் என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். குழி தோண்டும்போது போகவில்லை. லாரியில் தண்ணீர் வந்து இறங்கியபோதும் போகவில்லை.

அங்கே நடந்தது இது. தையல்காரரும் மனைவியும் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அவர் தினமும் வந்து நின்றார், கழுத்தில் அளவு நாடா தொங்க. ஒரு நாள் அந்த நாடாவை வைத்தே அறையின் அகலத்தை அளந்தார். இடுப்பு அளவு சரியாக இருக்கிறதா என்று கொழுந்தன் கேட்டான். கொஞ்சம் லூசாக வைத்துத் தையுங்கள், பின்னால் சதை போடும் என்று அவர் பதில் சொன்னார். சிரிப்பெல்லாம் இருந்தது, ஆனால் தினமும் வந்தார். களிமண்ணோ விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு வாயைத் திறந்தே வைத்திருந்தது. மேலே ஒரு விரல் அளவுக்கு மூடியது போலிருக்கும். கம்பியை விட்டால் சரசரவென்று இறங்கும். கோடையில் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. அண்ணனே இரண்டு நாளுக்கு ஒரு லாரிக்கு மேல் தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

கொழுந்தன் அந்த வெடிப்புகளைப் பார்த்தபடி நின்றான். சுத்தமான கைக்காரனுக்கு ஓட்டை உடைசல் பிடிக்காது. பக்கத்தில் சலித்த மணல் குவிந்து கிடந்தது. அதை அள்ளிப் பிளவுகளில் கொட்டி, துடைப்பத்தால் கூட்டி உள்ளே இறக்கி, தண்ணீர் விட்டு, மேலும் மணல் நிரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினான். குழி பாத்திரம் துலக்கியது போல் மட்டமாக, திருத்தமாக ஆனது. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. சோம்பேறி பிளவை அப்படியே விட்டுத் தளம் போட்டிருப்பான்; அதில் இவ்வளவு கெடுதல் வந்திராது. வெயிலில் பிளந்த இடம்தான் மழையில் மண் வீங்கிக்கொள்ள இருக்கிற இடம். அதை மணலால் அடைத்துவிட்டால், ஊறிய மண்ணுக்குப் பக்கவாட்டில் போக வழியில்லை, மேலேதான் வரும். அவன் செய்தது கவனமானவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

தளம் போட்ட அன்று அவளைக் கூப்பிட ஆள் வந்தது. சாக்குகளையும் குழாயையும் எடுத்துக்கொண்டு போனாள். கூடத்தைப் பார்த்ததும் உள்ளூர நிறைவாக இருந்தது. அதை வெளியே சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. "பரவால்ல" என்றாள். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு கொழுந்தன் அன்று முழுக்க விசிலடித்தான். அவள் சாக்கு விரித்தாள், பாத்தி கட்டினாள், புறங்கையை வைத்து வைத்துப் பார்த்துத் தண்ணீர் விட்டாள். வாசலில் மணல் குவியல் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை என்பதும் கண்ணில் பட்டது. தரைக்கு இவ்வளவு மணல் போகாதே என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்கவில்லை.

மழை தொடங்கும் முன்பே தையல்காரர் குடும்பம் குடியேறிவிட்டது. கூடத்தில் மூன்று தையல் இயந்திரங்கள். மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் காலையில் தையல்காரர் மனைவி குடையை மடக்கியபடி இவர்கள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, என் மிஷின் ஆடுது" என்றாள். முதலில் ஒரு காலுக்கு அட்டையை மடித்து வைத்தாளாம். மறுவாரம் அந்த அட்டையை எடுத்து எதிர்க்காலுக்கு வைக்க வேண்டி வந்ததாம். இப்போது படுக்கையறைக் கதவு பாதியில் தரையில் இடித்து நின்றுவிடுகிறது. அவள் கணவர் நேற்று உள்ளே மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் காபி வாங்கிக் குடித்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

அண்ணியும் கொழுந்தனும் உடனே கிளம்பினார்கள். கூடத்தின் நடுப்பகுதி மெல்லிய முதுகு போல உயர்ந்து, அதன் குறுக்கே ஒரு வெடிப்பு சுவரிலிருந்து சுவர் வரை ஓடியிருந்தது. தையல்காரர், அவர் மனைவி, வேலைக்கு இருந்த பெண் ஒருத்தி எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். கொழுந்தன் வெடிப்பைக் கரணை நுனியால் கீறிப் பார்த்தான். பிறகு எல்லா மேஸ்திரிகளும் சொல்வதைச் சொன்னான்.

"மண்ணு அப்படிண்ணே. இந்தப் பக்கம் எந்த வீட்டுலயும் இதான்."

"மண்ணு அப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?" என்றார் தையல்காரர். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். இந்த வீட்டைத் தவிர தங்களுக்குப் போக இடமில்லை என்பதையும் அதே குரலில் சேர்த்துக்கொண்டார்.

தண்ணிக்காரி உளியும் சுத்தியலும் கேட்டு வாங்கினாள். வெடிப்பு ஓரமாக ஒரு துண்டை உடைத்து எடுத்தாள். கீழே இருந்த ஜல்லியை ஒதுக்கிவிட்டுக் கையை விட்டு மண்ணைத் தோண்டினாள். கறுப்பு மண்ணுக்கு நடுவே மேலிருந்து கீழாக வெளிர் மணல் கோடுகள் நெருக்கமாக இறங்கின. தையல்காரர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன, தையல் போட்ட மாதிரி இருக்கு?"

கொழுந்தன் சுவரைப் பார்த்தான். அவளுக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குறைந்துபோன மணல் எங்கே போனது என்பது தெரிந்துவிட்டது.

அந்த இடத்தில் அவளுக்கு மூன்று பதில்கள் இருந்தன. பழியை மண்மேல் போடலாம், தையல்காரர் வாதாடிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடுவார், ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஓய்ந்தார்கள். அல்லது உண்மையைச் சொல்லலாம்: நான் முன்னாலேயே சொன்னேன், இவன் கேட்கவில்லை. அதில் ஒரு பொய்யும் கிடையாது. அவள் பெயரும் கெடாது. கையில் ஒட்டிய களிமண்ணை உடைந்த துண்டின் விளிம்பில் வழித்துவிட்டு எழுந்தாள்.

"மண்ணு இல்லண்ணே. எங்க வேல. எடுத்துட்டு மறுபடி போட்டுத் தரோம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் மனைவிதான் முதலில் ஆரம்பித்தாள். அக்கா வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே அவர் பெயர் தப்பித்திருக்கும், ஊரே சொல்கிற பதில்தானே, இவர் சொன்னால் மட்டும் குற்றமா என்றாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமே அதை இறக்கவில்லை. கொழுந்தனுக்குக் கோபம் வேறு இடத்தில் இருந்தது.

"எதுக்கு அண்ணி 'எங்க வேல'ன்னு சொன்னீங்க? நீங்க சொன்னதக் கேக்காதவன் நான். 'இவன் தப்பு'ன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். திட்டியிருந்தாகூட வாங்கிட்டிருப்பேன்."

"மணல் கொறஞ்சிருந்ததப் பாத்தேன்" என்றாள் அவள். "கேக்கல."

"அது தளம் போட்ட அப்புறம். கேட்டிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்?"

"மழைக்கு முன்னால எடுத்திருக்கலாம். அவங்க குடி வராம இருந்திருப்பாங்க."

மூலையில் உட்கார்ந்திருந்த கணவர், வழக்கமான நகைச்சுவை எதுவும் இல்லாமல், எத்தனை லாரி தண்ணீர் தேவைப்படும் என்று மட்டும் கேட்டார். செலவைப் பற்றி அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்தார்கள்.

தையல் இயந்திரங்கள் பின்னறைக்குப் போயின. கொழுந்தன் தன் கையால் மட்டம் அடித்த தளத்தைத் தன் கையாலேயே உடைத்தான். மணல் கலந்த களிமண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி வெளியே கொட்டினார்கள். கீழே இருந்த மண் மழையில் ஏற்கனவே வீங்கி முடித்திருந்தது. அது அந்த ஈரத்திலேயே இருக்க வேண்டும் என்று அவள் மேலே சாக்குப் போட்டுக் காத்தாள். வீங்காத சரளை மண்ணைக் கொண்டுவந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஒவ்வொரு பரப்புக்கும் தண்ணீர் தெளித்து இடித்தார்கள். கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் தெருப்பக்கம் போக ஒரு குழாய் வைத்தார்கள். இந்த முறை அவள் முதல் நாளிலிருந்தே நின்றாள். ஆட்கள் எதற்கெடுத்தாலும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். கொழுந்தன் அதைத் தடுக்கவில்லை. ஓரிரு முறை அவனும் பார்த்தான்.

புதுத் தளம் நின்றது. இதனால் அவர்கள் பெயர் உயர்ந்துவிட்டது என்று சொன்னால் அது கூடுதல். பேசி வைத்திருந்த ஒரு வேலை கைவிட்டுப் போனது. தப்பை ஒத்துக்கொண்ட ஆளிடம் எப்படிக் கொடுப்பது என்று அந்த வீட்டுக்காரர் கேட்டாராம். மற்ற மேஸ்திரிகள் தேநீர்க் கடையில் அவனைக் கண்டால், "என்னப்பா தையல், வேல எப்படிப் போகுது?" என்றார்கள். பட்டப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் தையல்காரர் தன்னிடம் துணி தைக்க வந்தவர்களிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மறு கோடையில் ஒரு பள்ளி வாகன ஓட்டுநர் தன் வீட்டுத் தரையைப் போட அவனைத் தேடி வந்தார். அதே மண், அதே வெயில். கை போகும் அளவுக்குப் பிளவு.

அன்று அவள் வாசல்படியில் உட்கார்ந்து கிழிந்த சாக்குகளை ஒன்றோடொன்று கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் வந்து எதிரே குந்தினான். இந்த முறை கழுத்தைச் சொறியவில்லை.

"அண்ணி, மொத நாள்லேருந்தே வந்துடுங்க. குழிய நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் கலவயே போடுவேன். ஆளுங்க யார் மொகத்த வேணா பாக்கட்டும்."

மரியாதைக்குச் சொன்ன பேச்சு இல்லை அது. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தளம் போட்டதும் சொல்லியனுப்பு. வரேன்."

காதில் சரியாக விழவில்லையோ என்று அவன் மறுபடி சொன்னான். அவளும் அதையே மறுபடி சொன்னாள். குழியை ஊற விடு என்றுகூடச் சொல்லவில்லை.

கொழுந்தன் மனைவி அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு இப்போதுதான் இவர்மேல் மதிப்பு வந்திருக்கிறது என்று தன் தாய் வீடு வரை போய்ச் சொன்னாள். கணவர் அது பழைய கோபம் என்றார். வராதே என்று ஒரு தடவை சொன்னால் அவள் ஆயுசுக்கும் வரமாட்டாள், தன் கல்யாணத்துக்கு முன்னாலேயே தனக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றார். கொழுந்தனுக்கு இரண்டிலும் திருப்தியில்லை. பிறகு ஒரு நாள் அவளிடமே கேட்டான். அதற்கு அவள், தண்ணீர்ப் பீப்பாயின் அடியில் துரு பிடித்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றாள்.

அவன் குழியை ஊற விட்டான். ஓட்டுநர் அவசரப்படுத்தியபோது கம்பியை விட்டுக் காட்டி, அது இறங்காமல் நிற்கிற வரைக்கும் காத்திருக்கச் சொன்னான். அந்த நாட்களில் அவள் வேறொரு வீட்டு மாடித் தளத்துக்குத் தண்ணீர் விட அதே தெரு வழியாகத்தான் போய் வந்தாள். ஓட்டுநரின் மனைக்கு வேலி இல்லை, வாசலுக்கு இன்னும் கதவும் இல்லை; தலையைத் திருப்பினால் குழி தெரியும். ஆட்கள் அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவளும் கையசைத்துவிட்டு, குழாய்ச் சுருளைத் தோள் மாற்றிக்கொண்டு, நேராகப் போனாள்.

தளம் போட்ட அன்று ஆள் வந்தது. அவள் சாக்குகளோடு போனாள். அந்த வருடமும் அதற்குப் பிந்திய வருடங்களிலும் அவன் போட்ட ஒவ்வொரு தளத்துக்கும் அவள்தான் தண்ணீர் விட்டாள். அவன் தோண்டிய ஒரு குழியைக்கூட அவள் பார்க்கவில்லை. ஏன் என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.